மூலிகையைப் போத்தலில் வளர்க்கலாமா? மட்டக்களப்பு, அம்பாறைக்காரர் கேட்கும் கேள்விகள்

மூலிகைத் தோட்டம் போட நினைப்பவர்கள், உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள், ஒரு வேருக்காக ஊர் ஊராக அலையும் நாட்டு வைத்தியர்களான பரிசாரிமார் என்று பலரும் இழைய வளர்ப்பைப் பற்றிக் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சிலவற்றுக்கு ஒரு வரி போதும், சிலவற்றுக்கு நின்று நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது.

இழைய வளர்ப்பு என்றால் என்ன?

செடியின் ஒரு சின்னத் துண்டை, பெரும்பாலும் நுனிமொட்டை அல்லது கணுவை, கிருமி இல்லாத போத்தலுக்குள் சத்துக்கூழில் வைத்து வளர்த்து, அதிலிருந்து முழுச் செடிகளை எடுப்பது. தாவரத்தின் தனிக் கலத்துக்கே முழுச் செடியாகும் ஆற்றல் இருக்கிறது என்ற எண்ணத்தை 1902 இல் ஹாபர்லான்ட் என்ற தாவரவியலாளர் எழுதினார். அவரால் அதைச் செய்து காட்ட முடியவில்லை. 1957 இல் ஸ்கூக், மில்லர் இருவரும் கூழில் உள்ள ஒட்சின், சைற்றோகைனின் என்ற இரண்டு ஓமோன்களின் விகிதத்தை மாற்றினால் துண்டிலிருந்து வேர் வருவதா தளிர் வருவதா என்பதை நாமே தீர்மானிக்கலாம் என்று காட்டினார்கள். ஒட்சின் கூடினால் வேர், சைற்றோகைனின் கூடினால் தளிர். 1962 இல் முராஷிகேயும் ஸ்கூக்கும் புகையிலை இழையத்தை வளர்க்க ஒரு கூழ்க் குறிப்பை வெளியிட்டார்கள். எம்.எஸ். ஊடகம் என்று இன்றைக்கும் எல்லா ஆய்வுகூடங்களிலும் முதலில் செய்து பார்ப்பது அதைத்தான்.

இது மரபணு மாற்றிய செடியா?

இல்லை. தாய்ச்செடியின் மரபணு அப்படியே இருக்கும். கிளையை வெட்டி நட்டால் என்ன வருமோ, அதுதான் இங்கேயும் வருகிறது. வெட்டும் துண்டு சின்னது, வளரும் இடம் போத்தல்.

எல்லா மூலிகையையும் இப்படி வளர்க்க வேண்டுமா?

வேண்டாம். பெரும்பாலானவற்றுக்கு இது வீண் செலவு. என் வாக்கு இதில் கொஞ்சம் கடுமையாகவே இருக்கும்: ஆய்வுகூடத்தைப் பற்றி யோசிக்க முன்னர் செடியைப் பற்றி யோசியுங்கள்.

வல்லாரையின் ஓடுதண்டு மண்ணைத் தொட்ட இடமெல்லாம் வேர் விடும். ஈரமான பாத்தி இருந்தால் தானாகப் படரும். நீர்ப்பிரமியும் அப்படித்தான். ஆடாதோடை, நொச்சி, முருங்கை எல்லாம் கம்பு நட்டால் வரும். கற்றாழை பக்கக்கன்று போடும். துளசியும் தூதுவளையும் விதையில் முளைக்கும். இவற்றைப் போத்தலில் வளர்க்க முடியுமா என்றால் முடியும், உலகில் நிறையப் பேர் செய்தும் இருக்கிறார்கள். மாணவர்கள் கைப்பழக்கத்துக்குச் செய்யலாம். ஒரு தோட்டக்காரர் அதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

அப்படியானால் எதற்குத் தேவை? விதை முளைக்காதது, விதை கிடைக்காதது, மெதுவாக வளர்வது, வேரோடு பிடுங்கினால்தான் மருந்தாவது, நோய் கிழங்கோடு கூடவே வருவது. இந்தக் குணங்களில் குறைந்தது இரண்டு இருந்தால் இழைய வளர்ப்பு நியாயமாகிறது.

கார்த்திகைப்பூவை எடுத்துக்கொள்ளுங்கள். கலப்பை வடிவத்தில் இருக்கும் அதன் கிழங்கு ஆண்டுக்கு ஓரிரண்டு புதுக் கிழங்குதான் தரும், பிறகு மாதக்கணக்கில் உறங்கும். விதையிலிருந்து பூக்கும் நிலைக்கு வரச் சில ஆண்டுகள் செல்லும். அதன் கொல்சிசின் என்ற இரசாயனத்துக்கு உலகச் சந்தையில் தேவை இருக்கிறது. வாவிக்குக் கிழக்கே கடலோரமாக இருக்கும் எழுவான்கரை மணலில் வேலியோரமாகத் தானாகவே ஏறும் கொடி என்பதால் மண்ணும் அதற்குப் பொருந்தும். ஆனால் செடி முழுக்க நஞ்சு, கிழங்கு கடும் நஞ்சு. பிள்ளைகள் நடமாடும் வளவில் இதைப் பயிராக வைக்கச் சொல்ல மாட்டேன்.

சர்ப்பகந்தியின் விதை முளைப்புத்திறன் மிகக் குறைவு, மருந்தோ வேரில். இரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த ரெசர்பின் 1952 இல் இதன் வேரிலிருந்துதான் பிரிக்கப்பட்டது. காட்டில் தோண்டித் தோண்டியே குறைந்துபோன செடி. போத்தலில் நன்றாகவே பெருகும். உலர் வலய நிழலுக்கும் ஓரளவு பழகும். என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்துக்கு முதல் தெரிவு இதுதான்.

சிங்களத்தில் பின்கொஹொம்ப என்று சொல்லும் முன்ரோனியா, நாட்டு மருந்துக் கடைகளில் விலை கூடிய சரக்குகளில் ஒன்று. முழங்கால் உயரம்கூட வராத சிறு செடி, காட்டு நிழலில் மெதுவாக வளர்வது. அதையும் வேரோடு பிடுங்கித்தான் விற்கிறார்கள். செங்கொடிவேலியும் வேருக்காகவே வெட்டப்படுவது. இரண்டுமே இந்த வழிக்கு ஏற்றவை.

மஞ்சளும் இஞ்சியும் வேறு காரணத்துக்காக. கிழங்கைப் பிளந்து நடும்போது அழுகலும் பற்றீரியா வாடலும் அடுத்த போகத்துக்கும் கூடவே போகின்றன. இறக்குமதி நிறுத்தப்பட்டு 2020 இல் மஞ்சள் விலை எங்கே போனது என்பது எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்த நேரம் கிடைத்த கிழங்கையெல்லாம் நட்டவர்கள் நோயையும் சேர்த்து நட்டார்கள். போத்தலில் வளர்த்து வந்த கன்று அந்தச் சங்கிலியை அறுக்கும். ஒன்று சொல்லிவிட வேண்டும்: முதல் ஆண்டில் கிழங்கு சின்னதாகத்தான் வரும். அதை விதைக்கிழங்காக வைத்து அடுத்த ஆண்டு நட்டால்தான் சந்தைக்கு எடுக்கலாம்.

கோதல ஹிம்புட்டு, வெனிவெல், வல்லப்பட்டை இவற்றை இங்கே வளர்க்கலாமா? நல்ல விலை என்கிறார்களே?

விலை இருக்கிறது. ஆனால் மூன்றும் ஈரமான காடுகளுக்குப் பழகியவை. வல்லப்பட்டை வாசனைப் பிசினுக்காக வெட்டப்படும் மரம். கோதல ஹிம்புட்டு நீரிழிவுக்காரர்களிடம் பிரபலம்; அந்த மரத்தில் கடைந்த குவளையில் தண்ணீர் ஊற்றி வைத்துக் குடிப்பார்கள். வெனிவெல் என்ற மரமஞ்சள் கொடியைக் கொரோனாக் காலத்தில் கொத்தமல்லியோடு அவித்துக் குடிக்காத வீடு குறைவு. கோதல ஹிம்புட்டும் வெனிவெல்லும் மெதுவாக வளரும் கொடிகள், வெட்டுவது மட்டும் வேகம். ஆகவே ஆய்வுகூடத்தில் பெருக்க வேண்டிய செடிகள்தான், நட வேண்டிய இடம் சப்ரகமுவப் பக்கம். ஏறாவூர் மணலில் வெனிவெல் நட்டுவிட்டு ஆய்வுகூடத்தைக் குறை சொல்வதில் பயனில்லை.

சந்தனம்?

சந்தனம் பாதி ஒட்டுண்ணி. அதன் வேர் பக்கத்துச் செடியின் வேரைப் பற்றித் தண்ணீரும் சத்தும் எடுக்கும். எத்தனை திறமாகப் போத்தலில் வளர்த்தாலும், வெளியே எடுத்த பிறகு துணைச்செடி இல்லாவிட்டால் மஞ்சளாகி நின்றுவிடும். சாடியிலேயே ஒரு பொன்னாங்காணி, தரையில் நட்ட பிறகு ஒரு அகத்தியோ துவரையோ பக்கத்தில் வேண்டும். இழைய வளர்ப்புக் கன்று என்று விற்பவரிடம் துணைச்செடியைப் பற்றிக் கேளுங்கள். அவர் முழித்தால் வாங்காதீர்கள்.

ஆய்வுகூடத்தில் படிப்படியாக என்ன நடக்கிறது?

முதலில் தாய்ச்செடி. இதில்தான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். செடியின் அடையாளம் சரியா என்று பார்க்க வேண்டும். ஒரே ஊர்ப்பெயரில் இரண்டு மூன்று செடிகள் உலாவுவது மூலிகையில் வழக்கம். சந்தேகம் இருந்தால் பேராதனையில் உள்ள தேசிய உலர்தாவரக் காட்சியகத்துக்குப் பூவோடு காய்ந்த மாதிரி அனுப்பி உறுதிப்படுத்தலாம். பிறகு அந்தச் செடியைச் சில வாரம் கூரைக்குக் கீழே வைத்து, இலையில் தண்ணீர் படாமல் அடியில் மட்டும் ஊற்றி வளர்த்தால், மேலே ஒட்டியிருக்கும் பங்கசு வித்துகள் குறையும். மாரி மழையில் நனைந்த செடியிலிருந்து நேரடியாகக் கணு வெட்டினால் பாதிக்கு மேல் பூஞ்சணம் பிடித்துவிடும்.

வெட்டிய துண்டை ஓடும் தண்ணீரில் கழுவி, சவர்க்கார நீரில் அலசி, 70 வீத அற்ககோலில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை தோய்த்து, பிறகு குளோரொக்ஸ் என்ற வெளிற்றும் கரைசலில் பத்து நிமிடமளவில் வைத்து, கிருமி நீக்கிய தண்ணீரில் மூன்று முறையாவது கழுவுவார்கள். நேரம் கூடினால் துண்டு வெளுத்துச் சாகும். குறைந்தால் கிருமி தப்பும். ஒவ்வொரு செடிக்கும் இந்த நேரத்தைக் கண்டுபிடிப்பதே ஒரு தனி வேலை.

கூழ் என்பது எம்.எஸ். உப்புகள், சில உயிர்ச்சத்துகள், லீற்றருக்கு 30 கிராம் சீனி, 7 அல்லது 8 கிராம் அகார், மிகச் சிறிய அளவு ஓமோன். அமிலத்தன்மையை 5.8 பீ.எச். அளவுக்குக் கொண்டுவந்து, போத்தலில் ஊற்றி மூடி, ஓட்டோகிளேவ் என்ற நீராவி அழுத்தக் கலனில் 121 பாகை செல்சியசில் 15 தொடக்கம் 20 நிமிடம் வைக்க வேண்டும். சீனி எதற்கு என்று கேட்பார்கள். போத்தலுக்குள் இருக்கும் செடி ஒளித்தொகுப்பு செய்வது மிகக் குறைவு. அது சீனியைத் தின்றுதான் வாழ்கிறது. இதை நினைவில் வைத்திருங்கள், செடியை வெளியே எடுக்கும் கட்டத்தில் உதவும்.

துண்டைக் கூழில் வைக்கும் வேலை லமினார் புளோ என்ற பெட்டிக்குள் நடக்கும். வடிகட்டிய காற்று எந்நேரமும் நம்மை நோக்கி வீசிக்கொண்டிருப்பதால் வெளித்தூசி உள்ளே போகாது. பிறகு 25 பாகை வெப்பம், நாளுக்கு 16 மணி நேர வெளிச்சம் உள்ள அறையில் நாலைந்து வாரம். தளிர்கள் கூட்டமாக வந்ததும் பிரித்துப் புதுக்கூழில் வைப்பார்கள். போதுமான அளவு பெருகிய பிறகு, ஒட்சின் உள்ள கூழுக்கு மாற்றி வேர் விடச் செய்வார்கள்.

ஒரு துண்டிலிருந்து எத்தனை கன்று எடுக்கலாம்?

கணக்கில் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஒரு தளிர் ஒரு சுற்றில் நாலாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு சுற்றில் 4096. ஒரு சுற்று ஐந்து வாரம் என்றால் ஏழு மாதத்துக்குள். விற்பனைத் துண்டுப்பிரசுரத்தில் போடுவதும் இந்தக் கணக்கைத்தான். பூஞ்சணத்தில் போவது, கறுத்துப் போவது, வேர் விடாதது, வெளியே எடுத்ததும் வாடுவது எல்லாவற்றையும் அதிலிருந்து கழிக்க வேண்டும். சுற்றுகளைக் கூட்டிக்கொண்டே போவதும் நல்லதல்ல. நெடுநாள் போத்தலில் இருந்தால், அதுவும் உருவமில்லாத கலத்திரள் வழியாக வந்தால், செடிகளுக்குள் மரபு மாறுபாடுகள் தலைகாட்டும். மூலிகைக்கு அது ஆபத்து. ஆகவே கணுவிலிருந்தும் மொட்டிலிருந்தும் நேரே தளிர் எடுப்பதே பாதுகாப்பு. சில சுற்றுக்குப் பிறகு தாய்ச்செடியிலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும்.

துண்டு வைத்த இரண்டு நாளில் கூழெல்லாம் கறுத்துவிட்டது. கிருமியா?

பெரும்பாலும் இல்லை. வெட்டுக்காயத்திலிருந்து பீனோல் பொருட்கள் கசிந்து, ஒட்சிசன் பட்டுக் கறுக்கின்றன. மரவகைகளிலும் துவர்ப்பான மூலிகைகளிலும் இது கூடுதல். மருந்துக் குணம் தரும் பொருட்களில் பல அந்த வகையைச் சேர்ந்தவைதான், அதனால் கோபித்துக்கொள்ள முடியாது. துண்டை வைக்க முன்னர் அஸ்கோபிக் அமிலம், சித்திரிக் அமிலம் கலந்த நீரில் ஊறவைக்கலாம். கூழில் ஏவப்பட்ட கரித்தூள் சேர்க்கலாம். முதல் சில நாட்கள் இருட்டில் வைக்கலாம். எல்லாவற்றையும் விட, ஒன்றிரண்டு நாளைக்கு ஒருமுறை புதுக்கூழுக்கு மாற்றுவது நல்ல பலன் தரும். இளம் தளிரில் கசிவு குறைவு.

தளிர்கள் கண்ணாடி போல, தண்ணீர் கோத்த மாதிரி இருக்கின்றன.

போத்தலுக்குள் ஈரம் கூடிவிட்டது, அல்லது சைற்றோகைனின் கூடிவிட்டது. அகாரைக் கூட்டுங்கள், ஓமோனைக் குறையுங்கள், காற்றுப் போக இடமுள்ள மூடி போடுங்கள். அப்படியான தளிரை வெளியே எடுத்தால் பிழைக்காது.

போத்தலில் வளர்ந்த செடிக்கு மருந்துக் குணம் இருக்குமா?

பரிசாரிமார் கேட்கும் முதல் கேள்வி இது. கேட்க வேண்டியதும்தான்.

போத்தலுக்குள் இருக்கும் குட்டிச்செடியை மருந்தாகக் கணக்கெடுக்கக் கூடாது. அது நாற்று. மண்ணுக்கு வந்து, வெயிலும் வறட்சியும் பூச்சிக்கடியும் கண்டு, வயது ஏறிய பிறகுதான் மருந்துச் சரக்கு சேரும். அந்தச் சரக்குகளில் பல செடி தன்னைக் காத்துக்கொள்ளச் செய்பவை. சீனியும் குளிரூட்டிய அறையும் கிடைக்கும் இடத்தில் அவற்றுக்கு அவசியம் குறைவு. வயலில் முதிர்ந்த பிறகு, தாய்ச்செடி எந்தத் தரமோ அந்தத் தரத்தை எதிர்பார்க்கலாம். இங்கே ஒரு வசதியும் இருக்கிறது. காட்டில் பத்துச் செடி பிடுங்கினால் பத்தும் பத்து அளவு சரக்கோடு இருக்கும். சோதித்துப் பார்த்த ஒரு நல்ல தாயிலிருந்து எடுத்த கன்றுகள் ஒரே மண்ணில், ஒரே வயதில் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். மருந்து செய்பவருக்கு இது பெரிய காரியம்.

மறுபக்கம், தாய் மட்டமானால் ஆயிரமும் மட்டம். ஆகவே எந்தச் செடி நல்ல செடி என்று ஆய்வுகூடக்காரர் தனியே தெரிவு செய்யக் கூடாது. நாற்பது வருடமாக அந்த வேரை இடித்துக் குடிநீர் வைத்த ஒருவர், முகர்ந்து பார்த்தே சொல்லுவார். அவர் சொல்வதை எடுத்து, இரசாயனப் பகுப்பாய்வில் சரிபார்த்து, பிறகு போத்தலுக்குப் போவதே முறை.

மூலிகை பிடுங்க முன்னர் சாபநிவர்த்தி செய்வது பல பரிசாரிமாரின் வழக்கம். நுனிமொட்டு வெட்டும்போது அதைச் செய்ய வேண்டுமா என்றும் கேட்டார்கள். தாராளமாகச் செய்யுங்கள், ஆய்வுகூடத்துக்கு ஆட்சேபம் இல்லை. சூடத்தை மட்டும் அற்ககோல் போத்தலுக்குப் பக்கத்தில் கொளுத்தாதீர்கள்.

செடியே இல்லாமல், ஆய்வுகூடத்திலேயே மருந்துப் பொருளை எடுக்க முடியாதா?

முடியும், சிலவற்றில் நடக்கிறது. ஜப்பானில் சிக்கோனின் என்ற சிவப்புப் பொருளைத் தாவரக் கலங்களைத் தொட்டியில் வளர்த்து 1980களின் தொடக்கத்திலேயே வணிக அளவில் எடுத்தார்கள். புற்றுநோய்க்குக் கொடுக்கும் பக்ளிடாக்சல் யூ மரத்தின் கல வளர்ப்பிலிருந்தும் தயாராகிறது. கொரியாவில் ஜின்செங் வேரைப் பெரிய தொட்டிகளில் வளர்க்கிறார்கள். ஒரு வகை மண் பற்றீரியாவைத் தொற்றவைத்து மயிர் போன்ற வேர்க்கூட்டத்தை வளர்க்கும் முறையும் உண்டு. செங்கொடிவேலியின் பிளம்பாஜினுக்கு அது பொருந்தும். ஆனால் அங்கே பற்றீரியாவின் மரபணு வேருக்குள் போகிறது, ஆகவே மேலே சொன்ன "மரபணு மாற்றம் இல்லை" என்ற பதில் அதற்குச் செல்லாது. இதெல்லாம் பெரிய முதலோடு செய்யும் தொழிற்சாலை வேலை.

இங்கத்தைய வெயிலுக்கு இந்தக் கன்றுகள் தாக்குப்பிடிக்குமா?

இந்த ஒரு கேள்விக்குத்தான் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களுக்கென்று தனியாகப் பதில் வேண்டியிருக்கிறது. பேராதனையில் எழுதிய கைந்நூலை அப்படியே வைத்துக்கொண்டு இங்கே போத்தலிலிருந்து கன்று இறக்கினால் கூடை கூடையாகக் கொட்ட வேண்டி வரும்.

போத்தலுக்குள் ஈரப்பதன் கிட்டத்தட்ட நூறு வீதம். அதனால் இலையின் மேல் மெழுகுப்படை சரியாக உருவாகாது, இலைத்துளைகளுக்கு மூடத் தெரியாது. சாப்பாடும் இவ்வளவு நாளும் சீனிதான். முட்டைக்குள் இருந்த குஞ்சை வெயிலில் விட்ட கதை. வெளியே எடுத்த அரைமணி நேரத்தில் தலை தொங்கும்.

ஆனி, ஆடி, ஆவணியில் மலையைத் தாண்டி வரும் கச்சான் காற்று இங்கே என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. தோய்த்துப் போட்ட சாரம் திரும்பிப் பார்ப்பதற்குள் காயும். அந்தக் காற்றில் போத்தலைத் திறப்பது தெரிந்தே செய்யும் அழிவு. எதிர்ப்பக்கம், கார்த்திகை மார்கழி அடைமழையில் திறந்தால் கன்றின் கழுத்து அழுகும். ஆக, மழை அடங்கும் தைக் கடைசி முதல் பங்குனி வரை நல்ல காலம். அதில் இறக்கி, நிழல்வீட்டில் சாடியிலேயே கச்சானைக் கடத்தி, ஐப்பசி மழைக்குத் தரையில் நட்டால், கையில் இருப்பது வேரூன்றிய செடி. சாடியில் எட்டு மாதம் பராமரிப்பது செலவுதான். சர்ப்பகந்தி மாதிரி ஆண்டுக்கணக்கில் நிற்கும் வேர்ப்பயிருக்கு அந்தச் செலவு தகும்.

இறக்கும்போது செய்ய வேண்டியது: போத்தல் மூடியை இரண்டு மூன்று நாள் முன்பே தளர்த்தி வையுங்கள். கன்றை எடுத்து வேரில் ஒட்டிய அகாரை இளஞ்சூட்டுத் தண்ணீரில் முழுவதும் கழுவுங்கள். ஒரு துளி மிஞ்சினாலும் அதில் இருக்கும் சீனிக்குப் பங்கசு ஓடி வரும். நன்றாகக் கழுவி உப்பு நீக்கிய தும்புத்தூளும் ஆற்றுமணலும் கலந்த சாடியில் நட்டு, பொலித்தீன் கூடாரத்துக்குள் வையுங்கள். முதல் வாரம் மூடியே இருக்கட்டும். பிறகு நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, மூன்று நாலு வாரத்தில் முழுவதும் எடுத்துவிடலாம். மேலே நிழல் வலை கட்டாயம். மேற்குப் பக்கம் கிடுகு வேலி கட்டினால் கச்சானுக்கு அதைவிட மலிவான மறைப்பு கிடையாது. புது இலை விரியும்வரை உரம் போடாதீர்கள். போத்தலில் வந்த இலைகள் எப்படியும் உதிரும், புது இலைதான் வெளி உலகத்துக்கு உரியது.

கிணற்றுத் தண்ணீர் ஊற்றலாமா?

கூழ் காய்ச்ச அது ஆகாது, காய்ச்சி வடித்த நீர் வேண்டும். சாடிக்கு ஊற்றுவது கிணற்றைப் பொறுத்தது. வாவிக்கரையிலும் கடற்கரையிலும் கோடையில் கிணறு உவர்க்கும், இளங்கன்று அதைத் தாங்காது. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கம் பெரும்பாலும் பிரச்சினை குறைவு. மழைநீரைத் தாங்கியில் பிடித்து வைத்தால் இரு பக்கத்துக்கும் நல்லது.

வீட்டில் செய்து பார்க்கலாமா?

படிப்பதற்குச் செய்யலாம். ஓட்டோகிளேவுக்குப் பதில் பிரஷர் குக்கர், லமினார் புளோவுக்குப் பதில் காற்று அசையாத கண்ணாடிப் பெட்டி, போத்தலுக்குப் பதில் வெப்பம் தாங்கும் ஜாம் போத்தல். அகார் விலை கூடியது; சவ்வரிசியையும் இசப்கோல் உமியையும் அதற்குப் பதிலாகப் பயன்படுத்திப் பார்த்த ஆய்வுகள் உண்டு. சீனி கடைச்சீனியே போதும். கருவி வாங்க முன்னர் மின்சாரத்தை யோசியுங்கள். 2022 பங்குனிக் கடைசியில் 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்த நாட்டில் இருக்கிறோம். வளர்ப்பறையில் வெப்பம் 35 பாகையைத் தாண்டினால் தளிர் நின்றுவிடும். வடக்குப் பார்த்த யன்னல் வெளிச்சத்தை இயன்றவரை பயன்படுத்துவது புத்தி.

இரண்டு எச்சரிக்கை. பழைய நூல்களில் கிருமி நீக்க மேர்க்கூரிக் குளோரைட்டு என்று இருக்கும். அது பாதரச நஞ்சு, வீட்டில் தொடவே கூடாது. அடுத்தது, கத்தியை அற்ககோலில் தோய்த்துச் சுவாலையில் காட்டும்போது அற்ககோல் குவளை தள்ளி இருக்கட்டும்.

கஞ்சாவும் மூலிகைதானே, அதையும் இப்படி வளர்க்கலாமா?

சிறைக்குப் போக ஆசையிருந்தால் வளர்க்கலாம்.

தாய்ச்செடியைக் காட்டிலிருந்து எடுத்து வரலாமா?

அனுமதி இல்லாமல் கூடாது. வனக் கட்டளைச் சட்டமும் விலங்கினத் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் இருக்கின்றன. வன பரிபாலனத் திணைக்களத்தில் எழுதிக் கேளுங்கள். ஒரு மொட்டுக்கு ஒரு செடியைப் பிடுங்கத் தேவையில்லை, ஒரு கிளைநுனி போதும் என்பதையும் கடிதத்தில் எழுதுங்கள். பலருடைய வீட்டு வளவிலும் கோவில் காணியிலும் பழைய செடிகள் நிற்கின்றன; முதலில் அங்கே தேடுவது இலகு. வெளிநாட்டிலிருந்து போத்தலில் கொண்டு வந்தாலும் அது தாவரம்தான்: 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இறக்குமதி அனுமதியும் தொற்றுகாப்புச் சோதனையும் வேண்டும். சர்ப்பகந்தியும் வல்லப்பட்டையும் அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலில் இருப்பதால் வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் இன்னும் கவனம்.

எல்லாக் கன்றும் ஒரே மாதிரி என்றால் ஒரே நோயில் எல்லாம் போகாதா?

போகலாம். அதனால்தான் ஒரு தாயோடு நிற்கக் கூடாது. ஐந்தாறு நல்ல தாய்களிலிருந்து எடுத்து, கலந்து நட வேண்டும். எந்தச் சாடி எந்தத் தாயின் பிள்ளை என்று எழுதி ஒட்டி வைப்பதும் அவசியம். காட்டில் உள்ள செடியைக் காப்பாற்றத்தான் இது என்று சொல்லிக்கொண்டு ஒரே ஒரு செடியின் ஆயிரம் நகலை நாடெங்கும் பரப்புவது எனக்குப் பிடித்தமில்லாத வேலை.

எங்கே படிக்கலாம்?

1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986 இல் முழுப் பல்கலைக்கழகமான கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் வந்தாறுமூலையில் இருக்கிறது. சித்த மருத்துவம் படிக்க விரும்புவோருக்கு அதன் திருகோணமலை வளாகம். அம்பாறைப் பக்கத்தாருக்கு ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம், அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில். பள்ளிக்கூடத்தில் உயர்தர உயிரியலிலும் உயிர்முறைமைகள் தொழினுட்பத்திலும் இதன் அடிப்படை வருகிறது. விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி வேலைகளைப் பார்க்கக் கன்னொறுவைக்குப் போகலாம். நாற்று மேடை, கொம்போஸ்ட், நீர்ப்பாசனம் போன்றவற்றுக்குக் கரடியனாற்று விவசாயப் பயிற்சி நிலையமே போதும்.

யார் வாங்குவார்கள்?

ஆயுர்வேத மருந்துக் கூட்டுத்தாபனம், தனியார் மருந்து உற்பத்தியாளர், ஊர் மருந்துக் கடைகள். இலங்கையில் பாவிக்கும் உலர்ந்த மூலிகைச் சரக்கில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வருகிறது, ஆகவே தேவை இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் வாங்குபவர் கேட்பது கன்றை அல்ல. சரியாகக் காய்ந்த, பூஞ்சணம் இல்லாத, கலப்படம் இல்லாத வேரை. என்ன ஈரப்பதன், என்ன அளவு, எத்தனை கிலோ என்று அவர் வாயால் கேட்டு எழுதிய பிறகு கன்றுக்கு ஓடர் கொடுங்கள்.

பத்துப் பேர் சேர்ந்த மாதர் சங்கம் நாங்கள். கொஞ்சம் உதவிப்பணம் கிடைக்கிறது. ஆய்வுகூடம் போடலாமா?

போட வேண்டாம். லமினார் புளோவும் குளிரூட்டியும் வாங்கி, மின்கட்டணம் கட்ட முடியாமல் பூட்டி வைத்த அறைகளுக்குக் குறைவில்லை. அந்தப் பணத்தில் ஒரு நல்ல நிழல்வீடு, மழைநீர்த் தாங்கி, காய வைக்க ஒரு உலர்த்தி போடுங்கள். வேர்விட்ட போத்தல் கன்றுகளை ஏற்கெனவே ஆய்வுகூடம் வைத்திருப்பவர்களிடம் பேசி வாங்கலாம். இறக்கிப் பழக்கும் வேலைதான் கை கூடத் தேவைப்படுவது, கன்று கூடச் சாவதும் அங்கேதான். பொறுமையாகத் தண்ணீர் தெளித்து, காலையும் மாலையும் கூடாரத்தைப் பார்க்க ஆள் இருப்பது உங்களிடம். முதல் தடவை நூறு கன்றுக்கு மேல் எடுக்காதீர்கள். தைக் கடைசிக்குப் பிறகு எடுங்கள். அதற்கு முன்னர் மேற்குப் பக்கக் கிடுகு வேலியைக் கட்டி முடியுங்கள்.